ஒரே கார், ரெண்டு பேர்

ஃபோர்முலா 1 பார்க்காத ஆக்களோடு இதைப்பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் எங்களுக்கு எப்பவும் ஒரே இடத்தில்தான் சிக்கல் வரும். "ரெண்டு பேரும் ஒரே டீம்தானே, பிறகேன் இவங்கள் ஆளுக்காள் இடிபடுறாங்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கிரிக்கெட்டில் ஒருத்தன் சதமடித்தால் மற்றப் பத்துப் பேருக்கும் சந்தோசம். கால்பந்தில் பந்தைத் தட்டிக்கொடுத்தவனும் கோல் அடித்தவனும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். கார் பந்தயத்தில் ஒரே நிறச் சட்டை, ஒரே நிறக் கார், ஒரே கராஜ். அதற்குள்ளேயே இந்தப் பக்கம் ஒருவனின் ஆட்கள், அந்தப் பக்கம் மற்றவனின் ஆட்கள்.

கணக்கைச் சொன்னால் விளங்கும். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு கார், இரண்டு ஓட்டுநர். வருட முடிவில் இரண்டு சம்பியன் பட்டங்கள். ஒன்று அணிக்கு, இருவரும் எடுத்த புள்ளிகளைக் கூட்டிக் கொடுப்பது. பரிசுப்பணம் அந்த வரிசைப்படிதான் பிரிபடும். மற்றது ஓட்டுநருக்கு. அது ஒருத்தனுக்குத்தான். அணியின் முதலாளியைக் கேட்டால் "எங்கட ரெண்டு காரும் முதலாவதும் ரெண்டாவதுமா வந்தால் போதும், எது முன்னுக்கு வந்தாலென்ன" என்பார். காருக்குள் இருக்கிறவனுக்கு வேண்டியது வேற. முதலாவது காரில் தான் இருக்கவேணும், அவ்வளவுதான்.

ஆனால் எங்களை இந்த விளையாட்டுக்குள் இழுத்துப் போட்டது அந்தக் கணக்கு இல்லை. அதற்கும் கீழே இன்னொரு விசயம் இருக்கு. இந்த விளையாட்டில் எல்லாருக்கும் ஒரே கார் கிடையாது. பதினைந்தாவதாக வந்த ஒருவன் "என்ன செய்ய, கார் சரியில்லை" என்று சொன்னால் அது பெரும்பாலும் உண்மை. உலகத்திலேயே கெட்டிக்காரனைக் கொண்டுவந்து மோசமான காரில் இருத்தினால் அவனும் பின்னுக்குத்தான் நிற்பான். அதனால் இங்கே தோற்ற எல்லாரிடமும் ஒரு சாட்டு இருக்கும். ஒரேயொரு ஆளுக்கு முன்னால் மட்டும் அந்தச் சாட்டு எடுபடாது. அதே எஞ்சின், அதே டயர், அதே இறக்கை. அவன் உங்களைவிட அரை விநாடி முன்னுக்கு நின்றால், அந்த அரை விநாடி உங்களுடையது. பந்தய உலகத்தில் காலங்காலமாகச் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு: முதலில் அடிக்கவேண்டிய ஆள் உன்ர டீம்மேட்.

இன்னும் கொடுமை, மறைக்க ஒன்றுமில்லை. எந்த வளைவில் எத்தனை மீட்டருக்கு முன்னால் பிரேக் மிதித்தான், எப்போது காலை எடுத்தான், எவ்வளவு திருப்பினான் என்பதெல்லாம் வரைபடமாகக் கணினியில் விழும். இருவரின் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். இன்று காலை நீங்கள் கண்டுபிடித்த சூட்சுமம் பின்னேரம் அவனுடைய கையில். அவனுடையதும் உங்களிடம். உங்களை விழுத்த நினைக்கிற ஆள் உங்கள் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டே பக்கத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நாங்கள் படித்தது லூயிஸ் ஹமில்டனையும் நிக்கோ ரொஸ்பேர்க்கையும் பார்த்துத்தான். 2014 தொடக்கம் 2016 வரை மூன்று வருடம். ஞாயிறு பின்னேரம் ஐந்தரைக்கு ஐரோப்பாவில் பந்தயம் தொடங்கும். டிஷ் இணைப்பு இருந்த ஒரு நண்பனின் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அவனுடைய அம்மாவுக்கு ரேஸ் பிடிக்காது, ஆனால் தேத்தண்ணி தவறாமல் வரும். எங்களுக்குள் இரண்டு கட்சி. பெரிய கட்சி ஹமில்டன் கட்சி. சின்னது ரொஸ்பேர்க் கட்சி.

இருவரும் 1985 இல் பிறந்தவர்கள். ஹமில்டனின் அப்பா, மகனின் கார்ட் பந்தயச் செலவுக்காக ஒரே நேரத்தில் பல வேலை பார்த்தவர். ரொஸ்பேர்க்கின் அப்பா கேகே, 1982 இன் உலக சம்பியன். மகன் மொனாக்கோவில் வளர்ந்தவன். 2000 இல் இரண்டு பெடியளும் ஒரே கார்ட் அணிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே அறையில் தங்கினார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள், பந்தயம் இல்லாத நேரத்திலும் எதையாவது வைத்துப் போட்டி போட்டார்கள். ஒருநாள் ரெண்டு பேரும் ஃபோர்முலா 1 இல் ஒரே அணியில் ஓடவேணும் என்று கதைத்ததுண்டு என்று பிறகு சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடம் ஐரோப்பிய சம்பியன் ஹமில்டன். இரண்டாவது ரொஸ்பேர்க்.

சின்ன வயதில் கண்ட கனவு அப்படியே பலிப்பது எவ்வளவு பயங்கரமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது. 2013 இல் ஹமில்டன் மெர்சிடிஸுக்கு வந்தார். ரொஸ்பேர்க் 2010 இலிருந்தே அங்கே. அதற்குள் மைக்கல் ஷூமாக்கரோடு மூன்று வருடம் ஓடி, மூன்றிலும் அவரைவிடக் கூடப் புள்ளி எடுத்திருந்தார். இதை ஹமில்டன் கட்சிக்காரர் ஒருநாளும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். ஷூமாக்கர் அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார் என்பார்கள். அதுவும் உண்மைதான்.

அந்த வருடம் மலேசியாவில் நடந்ததைச் சொல்லவேணும். ஒரே பந்தயத்தில் இரண்டு அணிகள் தங்கள் ஓட்டுநர்களுக்கு ஒரே கட்டளையைக் கொடுத்தன: இருக்கிற இடத்தில் இரு, முந்தாதே. ரெட் புல்லில் முன்னுக்குப் போனது மார்க் வெபர், பின்னால் செபஸ்தியன் வெட்டல். வெட்டல் கேட்கவில்லை, முந்திப்போய் வென்றுவிட்டார். மெர்சிடிஸில் முன்னுக்கு ஹமில்டன், பின்னால் அவரைவிட வேகமாக ஓடக்கூடிய நிலையில் ரொஸ்பேர்க். அவர் கேட்டார். நாலாவதாக வந்தார். மேடையில் மூன்றாமிடத்தில் நின்ற ஹமில்டன், இந்த இடத்தில் நிக்கோதான் நின்றிருக்கவேண்டும் என்று தானே சொன்னார். சொல்லைக் கேளாத வெட்டல் அந்த வருடமும் உலக சம்பியன். வெபர் அத்தோடு ஃபோர்முலா 1 ஐ விட்டே போய்விட்டார். கீழ்ப்படிந்தவனுக்கு இங்கே என்ன கிடைக்கும் என்பதை அன்றைக்கு ரொஸ்பேர்க்கும் பார்த்திருப்பார்தானே.

2014 இல் எஞ்சின் விதிகள் மாறின. மெர்சிடிஸின் கார் மற்ற எல்லாரையும் தாண்டிப் போய்விட்டது. 19 பந்தயத்தில் 16 அவர்களுக்கு. அதாவது உலக சம்பியன் யாரென்பதை ஒரே கராஜுக்குள் இருக்கிற இருவரும்தான் தீர்க்கவேண்டும். பஹ்ரைனில் சுற்றுச் சுற்றாக மாறிமாறி முந்தினார்கள். "ரெண்டு காரையும் பத்திரமாகக் கொண்டுவாருங்கோ" என்கிற மாதிரி மேலிடத்திலிருந்து வானொலியில் சொல்லவேண்டி வந்தது. ஹமில்டன் வென்றார், ஒரு விநாடிச் சொச்சத்தால். இறங்கியதும் இருவரும் சிரித்துக்கொண்டு கட்டிப்பிடித்தார்கள். நாங்கள் பார்த்ததில் அதுதான் கடைசி நல்ல சிரிப்பு.

பிறகு மொனாக்கோ. தகுதிச் சுற்றில் ரொஸ்பேர்க் முதலிடத்தில் இருக்கிறார். கடைசி முயற்சியில் ஒரு வளைவில் நேரே போய் ஒதுக்குப் பாதைக்குள் நின்றுவிட்டார். மஞ்சள் கொடி. பின்னால் நல்ல வேகத்தில் வந்த ஹமில்டன் தன் சுற்றைக் கைவிடவேண்டியதாயிற்று. வேண்டுமென்று செய்தாரா? நடுவர்கள் தரவுகளை எல்லாம் பார்த்துவிட்டுக் குற்றமில்லை என்றார்கள். எங்கள் ஹோலில் இருந்த நடுவர்கள் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. நாங்கள் இனி நண்பர்கள் இல்லை, சகபணியாளர் மட்டும்தான் என்று ஹமில்டன் சொன்னார். ஒரு சில நாளில், சின்ன வயதுப் படமொன்றைப் போட்டு, இன்னும் நண்பர்கள்தான் என்றும் எழுதினார். அந்தப் படத்தைப் பார்த்து எங்களில் ஒருத்தன் சொன்னது நல்ல ஞாபகம்: "மச்சான், நண்பன் எண்டு ஊருக்குச் சொல்லவேண்டி வந்தாலே முடிஞ்சுது."

பெல்ஜியத்தில் இரண்டாவது சுற்றிலேயே ரொஸ்பேர்க்கின் முன் இறக்கை ஹமில்டனின் பின் டயரைக் கிழித்தது. அணி விசாரித்தது, ரொஸ்பேர்க் மன்னிப்புக் கேட்டார், ஒழுங்கு நடவடிக்கையும் எடுத்தார்கள். அந்த வருடக் கடைசிப் பந்தயம் அபுதாபியில். ரொஸ்பேர்க்கின் கார் நடுவழியில் பலமிழந்துவிட்டது. காரை உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள். முடிக்கிறேன் என்று கேட்டு, 14 ஆவதாக வந்து முடித்தார். பிறகு மேடைக்குப் போகமுதல் ஓட்டுநர்கள் இருக்கிற அறைக்குத் தேடிப்போய் ஹமில்டனுக்குக் கைகொடுத்தார். பகை என்றால் பகை மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இதைக் காட்டவேணும்.

2015 இல் அமெரிக்காவின் ஒஸ்டினில், ரொஸ்பேர்க் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தவர், கடைசிச் சுற்றுகளில் அகலப் போய் இடத்தை விட்டார். ஹமில்டன் பட்டத்தையே எடுத்துவிட்டார். அந்த மேடைக்குப் போகிற அறையில், இரண்டாமிடத்தவன் போடுகிற தொப்பியை ஹமில்டன் எடுத்து ரொஸ்பேர்க்கின் மடியில் எறிந்தார். விளையாட்டாகத்தான் எறிந்திருப்பார். ரொஸ்பேர்க் அதே வேகத்தில் திருப்பி எறிந்தார். ஒரு தொப்பி, இரண்டு எறி. அந்த நாளுக்குப் பிறகு ரொஸ்பேர்க் ஏழு பந்தயங்கள் தொடர்ச்சியாக வென்றார், அந்த வருடக் கடைசி மூன்றும் அடுத்த வருட முதல் நாலும்.

இந்த இடத்தில் எங்கள் கதை ஒன்றையும் சொல்லிவிடலாம், சின்னதுதான். அந்த ஹோலில் இருந்த ஏழெட்டுப் பேரில் இருவர் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒரே ரியூசன், ஒரே நோட்ஸ், ஒரே பாஸ்ட் பேப்பர் கட்டு; ஒருத்தன் செய்துவிட்டு மற்றவனுக்குக் கொடுப்பான். ஏ.எல். முடிவு வந்தபோது இசட் ஸ்கோரில் இருவருக்கும் இடையில் இருந்தது சின்ன வித்தியாசம். வெட்டுப்புள்ளி அந்த வித்தியாசத்துக்கு நடுவில் விழுந்தது. ஒருத்தன் மருத்துவ பீடம் போனான். மற்றவனுக்கு அது இல்லை. மாவட்டத்தில் அவனைவிடக் கூட எடுத்த மற்ற எல்லாரையும் அவன் இலேசாக மறந்துவிட்டான். "அவங்களுக்கு வேற சேர், வேற வசதி" என்று சொல்லமுடியும். பக்கத்தில் இருந்தவனைப் பற்றி அப்படிச் சொல்ல வழியில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம் இருவரும் கதைக்கவில்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் இருக்கிற நேரம் பார்த்து மற்றவர் வராமல் விட்டார், அவ்வளவுதான். ஞாயிறுகளில் யாருக்குச் சொல்லுவது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்று மற்ற ஆறு பேரும் கணக்குப் பார்க்கவேண்டி இருந்தது. இப்போது இருவரும் கதைப்பார்கள், கலியாண வீடுகளில் ஒரே மேசையில் இருப்பார்கள். பழைய மாதிரி இல்லை.

2016 க்கு வருவம். மெர்சிடிஸ் அந்த வருடத் தொடக்கத்தில் இரண்டு பக்க மெக்கானிக்குகள் சிலரை ஆளுக்காள் மாற்றிப்போட்டது. இரு பக்கமும் இரண்டு நாடுகள் மாதிரி ஆகிவிடக்கூடாது என்று. ஹமில்டனுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்பெயினில் முதல் சுற்று முடியமுதலே இருவரும் மோதி, இரண்டு வெள்ளிக் கார்களும் மணலில் நின்றன. எஞ்சின் தவறான நிலையில் இருந்ததால் ரொஸ்பேர்க்கின் வேகம் குறைந்தது, ஹமில்டன் வலப்பக்க இடைவெளிக்குள் போனார், ரொஸ்பேர்க் கதவைச் சாத்தினார். யாருடைய பிழை என்று எங்கள் இரு கட்சியும் இரவு பத்து மணிவரை சண்டை பிடித்தன. அந்தச் சண்டையில் ஒருவரும் கவனிக்காமல் விட்டது, அன்றைக்கு வென்ற 18 வயதுப் பெடியனை. ரெட் புல் காரில் அவனுக்கு அதுதான் முதல் பந்தயம். பெயர் மக்ஸ் வெர்ஸ்டாப்பன்.

ஒஸ்திரியாவில் கடைசிச் சுற்றில் திரும்பவும் மோதல். மலேசியாவில் முன்னுக்குப் போன ஹமில்டனின் எஞ்சின் புகைந்து முடிந்தது. ஹமில்டன் கட்சி இன்றைக்கும் அந்தப் புகையைத்தான் காட்டும். அடுத்த வாரம் ஜப்பான். தகுதிச் சுற்றில் ரொஸ்பேர்க் முதலிடம், வித்தியாசம் 0.013 விநாடி. கண் மூடித் திறக்கிறதில் சின்னப் பங்குகூட இல்லை. அந்த 0.013 க்குப் பின்னால் என்ன இருந்தது என்று ரொஸ்பேர்க் பிறகு சொன்னார். காலில் சதை கூடினால் பாரம் என்று சைக்கிள் ஓடுவதை நிறுத்தியிருக்கிறார். தலைக்கவசத்தில் பூசியிருந்த பெயின்ற்றைக்கூடப் பாரத்துக்காகக் குறைத்திருக்கிறார். ஒரு மனிதன் தன் நண்பனைவிட நூறில் ஒரு விநாடி முன்னுக்குப் போக, காலில் இருந்த சதையைக் கழற்றி வைக்கிறான். இதைக் கேட்டபோது ரொஸ்பேர்க் கட்சிக்காரர் கைதட்டினார்கள். எங்களில் சிலருக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது.

கடைசிப் பந்தயம், நவம்பர் 27, அபுதாபி. ரொஸ்பேர்க் 12 புள்ளி முன்னுக்கு. ஹமில்டன் வென்றாலும் ரொஸ்பேர்க்குக்கு மூன்றாமிடம் காணும். அப்போது ஹமில்டன் செய்ததைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம். முன்னுக்குப் போனவர் வேண்டுமென்று மெதுவாக ஓடினார். பின்னால் வந்த ரொஸ்பேர்க்கை, அதற்குப் பின்னால் வந்த வெட்டலும் வெர்ஸ்டாப்பனும் வந்து பிடிக்கட்டும் என்று. வேகமாக ஓடு என்று அணி சொன்னது. ஓடவில்லை. அணியின் பெரிய ஆளே வானொலியில் வந்து சொன்னார். அதற்கும் ஓடவில்லை. பட்டத்தை இழந்துகொண்டிருக்கிறவனுக்கு இந்தப் பந்தயம் வென்றாலென்ன விட்டாலென்ன என்கிற மாதிரிப் பதில் வந்தது. அணிக்கான பட்டம் ஏற்கெனவே மெர்சிடிஸின் கையில். அப்படியிருந்தும் கட்டளை போட்டார்கள். அந்த இடத்தில் நாங்கள் ஹமில்டன் பக்கம்தான். அவர் யாரையும் இடிக்கவில்லை. விதி எதையும் மீறவில்லை. மெதுவாக ஓடினார், அவ்வளவும்தான். அதைவிட வேறு என்ன ஆயுதம் அவரிடம் மிச்சம் இருந்தது?

ரொஸ்பேர்க் கண்ணாடியில் இருவரைப் பார்த்துக்கொண்டு, முன்னால் ஒருவரை இடிக்காமல், இரண்டாவதாகவே வந்து முடித்தார். 385 க்கு 380. ஐந்து புள்ளி. அந்த வருடம் ஹமில்டன் 10 பந்தயம் வென்றிருந்தார், ரொஸ்பேர்க் 9.

ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 2, வியன்னாவில் ரொஸ்பேர்க் பந்தயத்தை விட்டுப் போவதாக அறிவித்தார். வயது 31. உலக சம்பியனுக்குரிய இலக்கத்தை ஒரு தடவைகூடக் காரில் போட்டு ஓடவில்லை. சின்ன வயதில் நினைத்ததை அடைந்துவிட்டேன், அதற்காக வீட்டில் மனைவியும் சின்ன மகளும் கொடுத்த விலை காணும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் வாட்ஸ்அப் குழு நித்திரை கொள்ளவில்லை. ஹமில்டன் கட்சி சொன்னது: பயந்திட்டான். ஒரு தடவை தற்செயலா வென்றதை அடுத்த வருடம் நிரூபிக்க ஏலாது என்று தெரிஞ்சு ஓடிட்டான். ரொஸ்பேர்க் கட்சிக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, தங்கள் ஆள் சண்டையை நடுவில் விட்டுப் போனமாதிரி.

நாங்கள் இதை எழுதுகிறதே அந்த இரவுக்காகத்தான். பயம் என்று சொல்வது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ரொஸ்பேர்க் ஹமில்டனைவிடக் கெட்டிக்காரன் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நாலு வருடத்தில் மூன்று வருடம் ஹமில்டன்தான் முன்னுக்கு. அதை ரொஸ்பேர்க்கைவிட நன்றாகத் தெரிந்த ஆள் ஒருத்தரும் இருக்கமுடியாது, ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் அந்த இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் அவர். தன்னைவிட ஒரு நூல் கூடுதலான ஒருவனை ஒரு வருடம் முந்துவதற்கு எவ்வளவு வேண்டும் என்பது அவருக்குக் கிராம் கணக்கில் தெரியும். இன்னொரு தடவை அதைக் கொடுக்கமாட்டேன் என்றார். எங்கள் வயதில் எல்லாரும் எங்களுக்குச் சொல்வது விடாதே, விடாதே என்றுதான். விட்டவனை மதிக்க எங்களுக்கு ஒருவரும் பழக்கவில்லை.

மெர்சிடிஸும் படித்துக்கொண்டது என்று நினைக்கிறோம். அடுத்து வந்த வால்டேரி பொட்டாஸ் ஐந்து வருடம் அமைதியாக ஓடினார். கராஜில் சண்டை இல்லை. ஹமில்டன் தொடர்ந்து நாலு பட்டம். எங்கள் ஹோலிலும் ஆட்கள் குறைந்தார்கள்.

இதற்கு முந்திய காலத்தைத் தேடிப் பார்த்ததும் அந்த இடைவெளியில்தான். மக்லரனில் சென்னாவும் புரொஸ்ட்டும் 1988 இல் 16 பந்தயத்தில் 15 ஐப் பங்குபோட்டார்கள். அந்த வருடம் எடுத்த புள்ளிகள் முழுவதையும் கூட்டினால் புரொஸ்ட்டுக்கு 105, சென்னாவுக்கு 94. ஆனால் சிறந்த 11 முடிவுகளை மட்டும் எண்ணுகிற விதி இருந்தது. அதன்படி 90 க்கு 87, சம்பியன் சென்னா. கூட எடுத்தவன் தோற்றான், அதுவும் பக்கத்துக் காரிடம். அடுத்த வருடம் ஜப்பானில் இருவரும் மோதிக்கொண்டதில் ஆச்சரியம் என்ன இருக்கு. அதைப்பற்றிப் படமே வந்துவிட்டது, நிறையப் பேர் எழுதியும் விட்டார்கள். நாங்கள் விடுகிறோம்.

எல்லாப் பகையும் பட்டத்துக்காக இருக்கவேண்டியதில்லை. கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டான் அணிக்கு ஓடினார், பின்வரிசைக் கார். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயத்தன்று டயர்ப் பிரச்சினையால் 14 கார்கள் தொடங்கமுதலே உள்ளே போய்விட்டன. மிச்சம் ஆறு. இரண்டு ஃபெராரிகள் எப்படியும் முன்னுக்குத்தான். மூன்றாவது இடம், அதாவது மேடை, இரண்டு ஜோர்டான்களில் ஒன்றுக்கு. அது டியாகோ மொன்டெய்ரோவுக்குப் போனது. கார்த்திகேயன் நாலாவது. மேடையில் ஷாம்பெய்னைச் சந்தோசமாகத் தெளித்தவர் மொன்டெய்ரோ மட்டும்தான். அந்த மாதிரி ஒரு நாள் ஒருவனின் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும், அன்றைக்கும் முன்னால் நின்றது அதே மஞ்சள் கார்.

இப்போது அந்த வேலையை நாகரிகமாகச் செய்யப் பார்க்கிறது மக்லரன். 2025 இல் நொரிஸும் பியாஸ்ட்ரியும் பட்டத்துக்கு ஓடினார்கள். இத்தாலியில் நொரிஸின் டயர் மாற்றுகிற நேரம் இழுபட்டு, பியாஸ்ட்ரி முன்னுக்கு வந்துவிட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். கொடுத்தார். மூன்று புள்ளி நொரிஸுக்குக் கூடியது. வருட முடிவில் நொரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. நீங்களே கழித்துப் பாருங்கள், மற்ற எல்லாம் அப்படியே நடந்திருந்தால் அந்த மூன்று புள்ளி இல்லாமல் சம்பியன் யாரென்று. பியாஸ்ட்ரியின் முகத்தில் ஒன்றும் தெரியாது, அவர் எப்பவும் அப்படித்தான். 2013 இல் மலேசியாவில் ரொஸ்பேர்க்கின் முகத்திலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

கேகே ரொஸ்பேர்க் 1982 இல் சம்பியன் என்று மேலே சொன்னோம். அவர் அந்த வருடம் வென்றது ஒரேயொரு பந்தயம். எப்படிச் சம்பியன் ஆனார்? ஃபெராரியில் ஜில் வில்நெவும் டிடியே பிரோனியும் இருந்தார்கள், இருவரும் நல்ல நண்பர்கள். ஏப்ரலில் இமோலாவில் இருவரும் முன்னுக்குப் போக, அணி மெதுவாக வரச்சொல்லிப் பலகை காட்டியது. இருக்கிற வரிசையில் முடிக்கச் சொல்கிறார்கள் என்று வில்நெவ் எடுத்துக்கொண்டார். கடைசிச் சுற்றில் பிரோனி முந்திப்போய் வென்றார். இனி அவனோடு கதைக்கமாட்டேன் என்று சொன்ன வில்நெவ், கதைக்கவே இல்லை. பதின்மூன்று நாள் கழித்து பெல்ஜியத்தில் தகுதிச் சுற்று. நேரப்பட்டியலில் பிரோனி அவரைவிடச் சுமார் பத்தில் ஒரு விநாடி முன்னுக்கு. அந்தச் சுற்றின் கடைசி நிமிடங்களில் வில்நெவின் கார் மெதுவாகப் போன இன்னொரு காரில் மோதி ஆகாயத்துக்கு எழும்பியது. அன்றிரவு இறந்துபோனார். பட்டியலில் முன்னுக்கு இருந்த பிரோனி, ஓகஸ்டில் ஜேர்மனியில் மழைக்குள் மோதி இரண்டு காலும் நொருங்கிப் பிறகு ஃபோர்முலா 1 ஓடவில்லை. மிச்சப் பந்தயங்களில் மற்றவர்கள் புள்ளி சேர்க்க, கேகே 44, பிரோனி 39. அப்பாவுக்கும் ஐந்து புள்ளி, மகனுக்கும் ஐந்து புள்ளி.

பிரோனி 1987 இல் படகுப் பந்தயம் ஒன்றில் இறந்தார். சில மாதங்களில் அவருடைய துணைவிக்கு இரட்டைப் பெடியங்கள் பிறந்தார்கள். ஒருவனுக்கு டிடியே என்று பெயர் வைத்தார், மற்றவனுக்கு ஜில். ஜில் பிரோனி வளர்ந்து மெர்சிடிஸில் பொறியியலாளர் ஆனார். 2020 ஓகஸ்டில் சில்வர்ஸ்டனில் ஹமில்டன் கடைசிச் சுற்றில் டயர் வெடித்து, கிட்டத்தட்ட மூன்று சில்லில் ஓடி வென்றார். அன்று அணிக்கான கிண்ணத்தை வாங்க மேடைக்கு ஏறியவர் அந்த ஜில். முகக்கவசம் போட்டிருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.